வன்னியிலே பின்னற்கலை வளர்த்த மாதர் சங்கங்கள்

சிறுமியின் கூந்தலை மூன்று கால்களாக வகுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றியிடுவதைப் பின்னல் என்கிறோம். கடற்கரையிலே மீனவர் நூலை முடிச்சு முடிச்சாகக் கட்டி வலையாக்குவதும் பின்னலே. கம்பளி நூலை இரண்டு ஊசிகளிலே ஏற்றிக் காலுறையும் சட்டையும் ஆக்குவதையும் அச்சொல்லாலேயே வழங்குகிறோம். பனையோலையைக் கீறிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பாயும் பெட்டியும் கடகமும் செய்வதை நம் வடபகுதி மக்கள் இழைத்தல் என்பர். அக்கைப்பணி முழுவதற்கும் பன்னவேலை என்று பெயர். பெயர்கள் வேறுபடினும் இவை யாவும் ஒரு குலத்துக் கலைகள். இழையோடு இழையைச் சேர்த்து, தனித்து நில்லாத ஒன்றை நிற்கும் பொருளாக்குவதே இவற்றின் பொதுத்தொழில்.

இக்கலைகளின் அழகைப்பற்றிப் பேசுவோர் பலர். அவை எவ்வாறு கற்கப்பட்டன, யார் யாருக்குக் கற்பித்தனர், எந்தக் கூரையின்கீழ்க் கற்பித்தனர் என்று வினவுவோர் சிலரே. இன்று அவ்வினாவை வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்து ஆராய விரும்புகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களிலே மாதர் சங்கங்கள் நடத்திய கைப்பணி வகுப்புகளின் வரலாற்றை வெறும் பொழுதுபோக்கின் வரலாறு என்று எண்ணிவிடலாகாது. காணியும் காசும் தம் பெயரில் இல்லாத பெண்கள் தம் கைகளையே முதலாக வைத்து நின்ற வரலாறு அது.

பின்னற்கலைக்கு ஒரு தனியியல்பு உண்டு. அதனை ஏட்டிலே படித்துக் கற்றல் அரிது. கம்பளிப் பின்னலை எடுத்துக்கொள்வோம். நெசவிலே பாவு என்றும் ஊடை என்றும் இருவகை நூல்கள் உண்டு. பின்னலிலோ ஒரே நூல் தொடர்ந்து செல்கின்றது. ஒரு கண்ணியினூடே அடுத்த கண்ணியை இழுத்தெடுப்பதே முழுத்தொழிலும். ஒரு கண்ணி ஊசியினின்றும் நழுவினால் அதன்கீழ் உள்ளவையும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து ஏணிபோலப் பிளந்துவிடும். நூலை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு நெகிழ்ப்பது என்பதை எழுத்திலே சொல்ல இயலாது. கற்றவள் அருகிலே இருந்து பார்த்து, நழுவிய கண்ணியை எடுத்துக் கையிலே தரவேண்டும்.

பன்னவேலையும் அத்தகையதே. பனையின் குருத்தோலையை விரியுமுன் வெட்டி, வெயிலிலே உலர்த்திச் சார்வாக்க வேண்டும். பின்பு ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்க வேண்டும். சத்தகம் என்பது ஒருபுறம் அலகும் மறுபுறம் கூரிய காம்பும் உடைய சிறு கத்தி. அலகு ஓலையைக் கீறும்; காம்பு இழைத்த பன்னத்தின் இடையிலே வழி திறந்து புதிய ஓலையைச் செலுத்தும். ஓலை மிகக் காய்ந்திருந்தால் முறியும். ஈரம் மிஞ்சியிருந்தால் காய்ந்தபின் சுருங்கி இடைவெளி காட்டும். வார்ந்த ஓலைகளுள் ஒன்று அகலித்திருந்தாலும் பெட்டியின் மூலை கோணிவிடும். இந்த அளவுகளை அறிவது விரல். விரலுக்கு அறிவூட்டுவது இன்னொருத்தியின் விரல். ஆகவே பின்னல் எங்கு வளர்ந்ததோ அங்கெல்லாம் ஒரு கூட்டம் இருந்தே தீரும்.

ஐரோப்பாவிலே அக்கூட்டம் தொழிற்குழு என்னும் வடிவத்தைப் பெற்றது. பாரிசு நகரிலே 1527 ஆம் ஆண்டளவில் பின்னல்காரருக்கென ஒரு குழு அமைந்தது. அத்தகைய குழுக்களிலே சேரும் இளைஞன் பல ஆண்டுகள் ஆசானிடம் பயின்று, பிற ஊர்களுக்குச் சென்று தொழில் பார்த்து, இறுதியிலே தேர்வுப்பொருள்களைத் தன் கையாற் செய்து காட்டவேண்டும். அல்சாசு, சைலீசியா போன்ற பகுதிகளிலே பூவும் விலங்கும் அமைந்த பெரிய விரிப்பொன்றைப் பின்னிக் காட்டியவனே ஆசானாக ஏற்கப்பட்டான். தரம் காப்பதிலே அக்குழுக்கள் சிறந்து விளங்கின. ஆயினும் அவற்றின் கதவு குறுகியது. உறுப்பினர் பெரும்பாலும் ஆடவர். தொழில் நுணுக்கத்தைக் குழுவுக்கு வெளியே விடுவது குற்றம். வீட்டிலே பின்னிய பெண்களோ எக்குழுவிலும் இடம்பெறாது, கிடைத்த கூலிக்குப் பின்னிக்கொண்டிருந்தனர்.

1589 ஆம் ஆண்டிலே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியைக் கண்டார். கைப்பின்னலால் வாழும் ஏழைகளின் பிழைப்பு கெடும் என்று அஞ்சி எலிசபெத்து அரசியார் அவருக்கு உரிமைப்பட்டயம் வழங்க மறுத்தார் என்பர். பட்டயம் மறுக்கப்பட்டாலும் பொறி நிற்கவில்லை. கைத்தொழிலாளருக்கும் பொறிக்கும் இடையிலான அந்தப் பழைய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. வன்னிக்கு வரும்போது அதை மீண்டும் காண்போம்.

இனி நம் நாடுகளை நோக்குவோம். தமிழ்ப் பெண்கள் பின்னலையும் தையலையும் வீட்டுக்கு வெளியே, ஒரு வகுப்பிலே, ஒழுங்காகக் கற்கத் தொடங்கியது கிறித்தவ மிசன்களின் வரவோடு என்று கூறலாம். யாழ்ப்பாணத்து உடுவிலிலே 1824 ஆம் ஆண்டு அமெரிக்க மிசனார் பெண்களுக்கென விடுதிப்பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். எழுத்தோடும் வேதபாடத்தோடும் ஊசிவேலையும் அங்கே கற்பிக்கப்பட்டது. தென்திருவிதாங்கூரின் நாகர்கோவிலிலே, 1819 ஆம் ஆண்டு அங்கு வந்த இலண்டன் மிசனைச் சார்ந்த சார்லசு மால்ட்டு என்பாரின் துணைவியார் மார்த்தா, பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அக்காலத்திலே திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. ரேந்தை விற்ற காசைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்பது அம்மிசன் வரலாற்றிலே பதிவான செய்தி. சட்டம் அங்கு அடிமைமுறையை ஒழித்தது 1855 ஆம் ஆண்டிலே. நேயர்களே, இதைச் சற்று எண்ணிப்பாருங்கள். சட்டம் வருவதற்கு முன்பே, நூலும் ஊசியும் அப்பெண்களுக்குக் கதவு திறந்தன.

ஆயினும் மிசன் வகுப்பிலே ஒரு குறை இருந்தது. கற்பிப்பவர் என்றும் கற்பிப்பவராகவும் கற்பவள் என்றும் கற்பவளாகவும் இருந்தனர். எதைச் செய்வது, எங்கே விற்பது என்பவற்றையும் மேலிருந்தோரே வகுத்தனர். பெண்கள் தாமே கூடி, தாமே நிருவாகம் நடத்தி, தம்முள் அறிந்தவள் அறியாதவளுக்குச் சொல்லித்தரும் முறை பிறிதோரிடத்திலிருந்து வந்தது. அதன் தொடக்கம் ஒரு தாயின் துயரம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே அடலெயிட்டு ஊடுலெசு என்னும் மாது தம் பச்சிளங்குழந்தையை 1889 ஆம் ஆண்டிலே இழந்தார். தூய்மையற்ற பாலே காரணம் என்று அறிந்ததும், தமக்கு இதை முன்பே எவரும் சொல்லித்தரவில்லையே என்று வருந்தினார். நாட்டுப்புற ஆடவர் பயிர்செய்கை பற்றிக் கூடிப்பேசச் சங்கம் வைத்திருந்தனர். பெண்களுக்கு அத்தகைய இடம் இல்லை. 1897 பெப்புருவரி 19 ஆம் நாள் இசுற்றோனி கிறீக்கு என்னும் ஊரிலே முதலாவது மாதர் நிலையம் தோன்றியது. அம்முறை 1915 ஆம் ஆண்டு வேல்சு நாட்டின் ஆங்கிள்சித் தீவிலே கால்வைத்துப் பிரித்தானியா எங்கும் பரவியது. நம் அயலிலே, வங்காளத்தின் பப்னா நகரிலே 1913 ஆம் ஆண்டு சரோசு நளினி தத்தர் மகிளா சமிதி ஒன்றை நிறுவி, திரைமறைவிலிருந்த பெண்கள் கூடிப் பேசவும் கைவேலை பயிலவும் வழிசெய்தார்.

இலங்கைக்கு இவ்வியக்கத்தைக் கொணர்ந்தவர் மேரி இரட்ணம் அம்மையார். 1873 ஆம் ஆண்டு கனடாவிலே பிறந்து, மருத்துவம் கற்று, 1896 ஆம் ஆண்டு இத்தீவுக்கு வந்தவர் அவர். இலங்கைத் தமிழர் ஒருவரை அவர் மணந்தார். இனங்கடந்த அத்திருமணத்தால் மிசன் பணியிலே அவருக்கு இடமில்லாது போயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. கொழும்பிலே மருத்துவராய் விளங்கினார். 1909 ஆம் ஆண்டு தமிழ் மாதர் ஐக்கிய சங்கத்தை அமைப்பதிலே முன்னின்றார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டோருள் ஒருவரானார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூலும் மனையியல் நூலும் எழுதினார். 1930 ஆம் ஆண்டளவில் அவர் தோற்றுவித்த லங்கா மகிளா சமிதி, கிராமப் பெண்கள் இன மத சாதி வேறுபாடின்றி ஓரிடத்தில் கூடவேண்டும் என்ற நோக்கமுடையது. பிற்காலத்திலே 1960 ஆம் ஆண்டு உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் 1941 ஆம் ஆண்டு அச்சமிதியிற் சேர்ந்தே பொதுப்பணி பயின்றார். மேரி இரட்ணம் அம்மையாருக்கு 1958 ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. 1962 ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

நாடு 1948 ஆம் ஆண்டு சுதந்திரம் அடைந்ததை அடுத்து, அரசாங்கம் கிராம முன்னேற்ற வேலையைத் திணைக்களமொன்றின் வாயிலாக முன்னெடுத்தது. ஊர்தோறும் கிராம முன்னேற்றச் சங்கங்களும், பெண்களுக்கென மாதர் சங்கங்களும் அமைந்தன. இன்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்ற பெயரோடு வன்னியின் சிற்றூர்களிலே நாம் காண்பது இம்மரபின் கிளையே.

வன்னியிலே இச்சங்கங்கள் ஏன் ஆழ வேரூன்றின? இதற்கு விடைகாண அந்நிலத்தின் வரலாற்றைச் சற்றே நோக்கவேண்டும். சே. பி. இலூயிசு என்னும் ஆங்கில அதிகாரி 1895 ஆம் ஆண்டிலே வன்னி மாவட்டங்களைப்பற்றிய தம் நூலை வெளியிட்ட காலத்தில் அது காடும் குளமும் மலிந்து, மக்கள் அருகிய நாடாக இருந்தது. காய்ச்சல் ஊர்களை அழித்தது. முதுகுடியினரான வன்னி மக்கள் குளக்கட்டின்கீழே சிறுசிறு கூட்டமாக வாழ்ந்தனர். அவ்வூர்களிலே பன்னவேலைக்குத் தனிவகுப்பு வேண்டியிருக்கவில்லை. பாட்டி திண்ணையிலிருந்து பாய் இழைப்பாள். பேர்த்தி ஓலை எடுத்துக்கொடுப்பாள். அடுத்த ஆண்டு பேர்த்தியே அடியிட்டுத் தொடங்குவாள். நெல்லை அள்ளக் கடகம், புடைக்கச் சுளகு, பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டி, பானை வைக்கத் திருகணை, வெற்றிலைக்குக் கொட்டப்பெட்டி, படுக்கப் பாய் என்று ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் ஓலையால் ஆனதாகவே இருந்தது.

பின்பு புதிய குடியேற்றங்கள் வந்தன. இரணைமடுக் குளத்தின் வேலை 1902 ஆம் ஆண்டு தொடங்கி 1920 அளவில் முற்றுப்பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணி நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும்பொருட்டு 1936 ஆம் ஆண்டிலே கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. மலேரியா அடங்கிய பின், 1950களிலும் 1960களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின்கீழும் மக்கள் குடியேறினர். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்தது. தாய் ஓரூரில், மாமி ஓரூரில், மகள் வாய்க்கால் கரையிலே காடு வெட்டிய நிலத்தில் என்றாயிற்று. குழந்தை பிறந்தால் அருகிருக்க ஆளில்லை. கடகம் பொத்தத் தெரியாவிடில் காட்டித்தர ஆளில்லை. பாட்டியின் திண்ணை தொலைவிலே நின்றுவிட்டது. அந்த வெற்றிடத்தையே மாதர் சங்கம் நிரப்பியது.

இன்னுமொரு காரணமும் உண்டு. அது சட்டத்தைச் சார்ந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையின்படி சீதனமாகப் பெற்ற காணி பெண்ணின் பெயரிலே நின்றது; அதை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டியிருந்ததாயினும், அவளுக்கென ஒன்று இருந்தது. குடியேற்றக் காணிகளை ஆண்டது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உரிமைப்பத்திரம் பெரும்பாலும் குடும்பத்து ஆடவனின் பெயருக்கே கிடைத்தது. அவன் பின்னுரித்தாளரைக் குறிப்பிடாது இறந்தால் காணி யாரைச் சேரும் என்ற வரிசையிலே மகன் மகளுக்கு முன்வைக்கப்பட்டான். இவ்வேற்றத்தாழ்வை அகற்றும் திருத்தம் 2022 ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆகவே வயலிலே நாற்று நட்டு, களை பிடுங்கி, நெல் தூற்றிய பெண், தன்னுடையது என்று சொல்லத்தக்க காணி இன்றி இரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்தாள். இழைத்த பெட்டியின் விலையும், சங்கத்திலே அவள் பெயருக்கு எழுதிய சேமிப்பும் அவளுடையன. சிறிய தொகைதான். ஆனால் அதற்கு எவரிடமும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை.

சங்க வகுப்பின் நடைமுறையையும் சிறிது கூறுவேன். தனிக்கட்டடம் உள்ள சங்கங்கள் சில. இல்லாதவை பாடசாலை மண்டபத்திலோ, கோயில் மடத்திலோ, வாசிகசாலையிலோ, ஓர் உறுப்பினர் வீட்டு மாமரத்தின் கீழோ கூடின. காலைச் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் உள்ள இடைப்பொழுதே வகுப்பு நேரம். திணைக்களம் அனுப்பிய போதனாசிரியை தையலும் பூவேலையும் குறோசேயும் கம்பளிப் பின்னலும் கற்பிப்பார். பயிற்சி முடிவிலே கண்காட்சி வைத்து, செய்த பொருள்களை ஊராருக்குக் காட்டுவர். போதனாசிரியை மாற்றலாகிச் சென்றபின் வகுப்பை நடத்தியவர்கள் அங்கே கற்ற உறுப்பினர்களே. சங்கத்தின் உயிர்நிலை இதுதான். பாரிசு நகரத்துக் குழு தன் கலையைப் பூட்டிவைத்துக் காத்தது. வன்னியின் சங்கம் அதைக் கொடுத்துக் காத்தது. ஒருத்தி கற்றது இன்னொருத்திக்குச் சென்றாலன்றி வகுப்பே நிலைக்காது என்பதால், ஒளித்துவைக்க அங்கே இடமில்லை.

வன்னியின் வெயிலிலே கம்பளிச்சட்டை எதற்கு என்று சிலர் நகைத்ததுண்டு. நியாயமான நகைப்புத்தான். குழந்தைக்கு ஒரு தொப்பியும் மார்கழிப் பனிக்கு ஒரு சால்வையும் தவிரக் கம்பளிக்கு அங்கே வேலை குறைவு. நூலையும் ஊசியையும் பட்டினத்திலிருந்தே வாங்கவேண்டும். மேனாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துவந்து கற்பித்ததன் குறை இது. ஆயினும் பெண்கள் அப்பாடத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டனர். கண்ணிகளை எண்ணிக் கோலம் அமைத்தல், வரைபடத்தைப் பார்த்து அளவாக வேலைசெய்தல், ஒரே மாதிரியான பத்துப் பொருள் செய்தல் ஆகிய பழக்கங்கள் ஓலைக்கும் உதவின. வீட்டுக்கென இழைப்பவள் தன் கைபோன போக்கில் இழைக்கலாம். விற்பதற்கென இழைப்பவளோ முதற்பெட்டியின் அளவிலேயே பத்தாவது பெட்டியையும் இழைக்கவேண்டும். வீட்டுக் கைப்பழக்கம் தொழிலாக மாறியது இப்படியே.

ஓலையோ கையெட்டும் தூரத்தில் இருந்தது. 1978 ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டபோது, பன்னவேலைக்குப் பயிற்சியும் சந்தையும் ஒருங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. சாயமிட்ட ஓலையாற் கைப்பை, தொப்பி, மேசைவிரிப்பு, அலங்காரப்பெட்டி முதலியன செய்யும் வகுப்புகள் பரவின. அதே காலத்தில் வன்னிக்கு இன்னொரு கூட்டத்தினரும் வந்து சேர்ந்தனர். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களால் அடிபட்ட மலையகத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியமர்ந்தனர். தேயிலைத் தோட்டத்திலே பனை இல்லை. அங்கே வளர்ந்த பெண்ணுக்குச் சார்வு என்ற சொல்லே புதிது. கொழுந்து கிள்ளிப் பழகிய அவ்விரல்களுக்கு ஓலையை அறிமுகப்படுத்த எந்தப் பாட்டியும் இல்லை. அத்தகையவளும் கேட்டுக் கற்கக்கூடிய இடமாக மாதர் சங்கம் அமைந்தது.

பின்பு போர் வந்தது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. நூலும் சாயமும் வரும் பாதைகள் அடைபட்டன. மக்கள் ஓரூரிலிருந்து ஓரூருக்கு, அங்கிருந்து வேறோரூருக்கு என்று இடம்பெயர்ந்தனர். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து கிளிநொச்சியும் அதற்குக் கிழக்கேயுள்ள ஊர்களும் வெறுமையாயின. 2009 மே மாதத்திலே முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, உயிர்தப்பியவர் ஏறத்தாழ 2,80,000 பேர் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பி வேலிக்குள் இருந்தனர். மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேதான் முற்றாக மூடப்பட்டது. சங்கக் கட்டடம், தையற்பொறி, உறுப்பினர் ஏடு, சேமிப்புக் கணக்கு யாவும் அழிந்தன. உறுப்பினர்களுட் பலரும் மடிந்தனர்.

மீளக்குடியமர்ந்த ஊர்களிலே கணவனை இழந்த பெண்களும், காணாமற்போனவரைத் தேடும் பெண்களும் குடும்பத் தலைவியர் ஆயினர். அவர்களிடம் எஞ்சியிருந்தது என்ன என்று கேட்டால், ஒன்று சொல்லலாம். இடப்பெயர்விலே பெட்டியைக் கைவிட்டு ஓடலாம். பெட்டி இழைக்கும் அறிவைக் கைவிட முடியாது. அது விரலிலே இருக்கிறது. தகரக் கூரையின்கீழே மாதர் சங்கங்கள் மீண்டும் கூடின. புதிய ஏடு திறந்து பெயர்களை எழுதினர். உதவித்திட்டங்களும் சுழற்சிக்கடனும் சங்கத்தின் வழியாகவே வந்தமையால், அது வெறும் கைப்பணி வகுப்பாக நில்லாது ஊரின் முதன்மையான அமைப்புகளுள் ஒன்றாயிற்று.

மெய்யான சோதனை அதன்பின்னரே தொடங்கியது எனலாம். உதவி வரும் வரையில் வகுப்பு நிறைந்திருக்கும். அமைப்புகள் விலகியபின் ஓலைப்பெட்டியை யார் வாங்குவது? பிளாத்திக்கு வாளியும் நைலோன் பையும் சந்தையிலே மலிந்து கிடக்கின்றன. ஒரு கடகத்துக்குச் செல்லும் உழைப்பை நாட்கூலியோடு ஒப்பிட்டால் கடகமே தோற்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் போருக்குப் பின் ஆடைத்தொழிற்சாலைகள் எழுந்தன. மாதச்சம்பளம் தேடி இளம்பெண்கள் அங்கே செல்கின்றனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வில்லியம் லீயின் பொறிக்கும் கைப்பின்னலுக்கும் இடையே எழுந்த அந்த நானூறு ஆண்டுப் பழைய வழக்கு, இவ்வாறு நம் வாசலுக்கும் வந்துவிட்டது.

ஆயினும் தொழிற்சாலையிலே ஒரு பெண் கற்பது சட்டையின் ஒரு பகுதியைத் தைக்க மட்டுமே. கைப்பகுதியைத் தைப்பவள் கழுத்துப்பகுதியைத் தைப்பதில்லை. தொழிற்சாலை மூடப்பட்டால் அவள் அங்குப் பெற்ற பயிற்சியும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சங்க வகுப்பிலே கற்றவளோ, மரத்திலிருந்து ஓலை இறங்குவது முதல் விளிம்பு கட்டுவது வரையில் முழுப்பொருளையும் தானே செய்ய வல்லவள். இரண்டும் வேண்டும். ஒன்று இன்றைய உணவுக்கு. மற்றது நாளை எது வந்தாலும் நிற்பதற்கு. தொழிற்சாலையின் சம்பளத்தைக் காரணம் காட்டிச் சங்கத்தின் வகுப்பை மூடவிடுவது, மழை பெய்கிறதே என்று குளக்கட்டைக் கவனியாது விடுவது போன்றதாகும்.

பன்னவேலையைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று கருதும் மனப்பான்மையே இன்றுள்ள பெருந்தடை. பொழுதுபோக்கென்று கருதினால் அதற்கு விலை கேட்கவும் கூசுவர், கொடுக்கவும் கூசுவர். வாங்குவோர் பேரம்பேசிக் குறைப்பது ஓலையின் விலையையன்று. ஓலைக்கு விலை மிகக் குறைவே. அவர்கள் குறைப்பது ஒரு பெண்ணின் நேரத்தை. அவள் குனிந்திருந்த முதுகின் வலியை. கண்காட்சியிலே பாராட்டுவோர் சந்தையிலே உரிய விலையும் கொடுப்பாராயின், வகுப்புக்கு வேறு ஊக்கம் வேண்டியதில்லை. தறிக்கப்பட்ட பனைகளுக்கு ஈடாகப் பனம்விதை நடும் பணியும் இதனோடு சேர்ந்தே நடக்கவேண்டும். ஓர் இளம்பனை வளர்ந்து பயன்தரப் பல்லாண்டுகள் செல்லும். இன்று நடுபவள் தன் பேர்த்தியின் ஓலைக்காகவே நடுகிறாள்.

கடகம் இழைத்தவர்கள் ஒன்றை அறிவார்கள். உட்புறம் எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், விளிம்பை நாரால் இறுக்கிக் கட்டாவிடில் சில நாட்களிலே ஓலைகள் ஒவ்வொன்றாய் நெகிழ்ந்து கடகம் பிரிந்துவிடும். தனித்தனிப் பெண்களின் திறமை அந்த ஓலைகளைப் போன்றது. சங்கம் என்பது அந்த விளிம்பு. வன்னி மாதர் அவ்விளிம்பைப் போருக்குப் பின்னும் தம் கையாலேயே மீண்டும் கட்டினர். அடுத்தமுறை சந்தையிலே ஓர் ஓலைப்பெட்டியைக் கையில் எடுக்கும்போது, விலையைக் கேட்குமுன் அதன் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப்பாருங்கள். அதைக் கட்டியவளுக்குக் கற்பித்தவள் ஒருத்தி உண்டு. அவளிடம் கற்கக் காத்திருப்பவளும் ஒருத்தி உண்டு. அந்தத் தொடர் அறாதிருக்க நாம் கொடுக்கவேண்டிய விலை மிகப் பெரியதன்று.